டெக்ஸ்சர் யூனிட் நிலையைத் திருத்தி எழுதிய அனுபவம்

ஓப்பன்ஜிஎல் என்பது கிராஃபிக்ஸ் சிப்பிடம் படம் வரையச் சொல்ல நிரல்கள் பயன்படுத்தும் இடைமுகம். அதன் டிரைவர் ஒன்றில், டெக்ஸ்சர்களை (உருவங்களின் பரப்பில் ஒட்டும் படங்களை) கையாளும் பகுதியைத் திருத்தும் வேலை எனக்கு வந்தது. ஷேடர் டெக்ஸ்சரைப் படிக்கும் எண்ணிட்ட இடம்தான் யூனிட். பழைய நிரல் ஒவ்வொரு டிரா அழைப்புக்கும் (வரையச் சொல்லும் கட்டளைக்கும்) எல்லா யூனிட்டின் நிலையையும் கமாண்ட் பஃபரில், அதாவது சிப்புக்குப் போகும் கட்டளைப் பட்டியலில், திரும்ப எழுதும். படம் சரியாக வரும், ஆனால் சிபியு நேரம் அதிலேயே கரையும். ஓப்பன்ஜிஎல் 3.3 கேட்பது ஒரு ஷேடர் (சிப்பில் ஓடும் சிறு நிரல்) கட்டத்துக்குக் குறைந்தது 16 யூனிட், மொத்தமாக 48. டிராவுக்கு டிரா மாறுவதோ பெரும்பாலும் ஒன்றிரண்டுதான்.

யூனிட்டுக்கு ஒரு பிட் வைத்து, பைண்ட் (யூனிட்டில் ஒரு டெக்ஸ்சரைப் பொருத்துவது) நடந்தால் அதை ஏற்றி, டிரா வரும்போது ஏறியிருக்கும் யூனிட்டை மட்டும் அனுப்பினேன். இதுவரை சுலபம். பைண்ட் நடக்காமலே யூனிட் நிலை மாறும் வழிகள்தான் வேலை வாங்கின. பைண்ட் ஆகியிருக்கும் டெக்ஸ்சருக்கே வேறு அளவில் புதுப் படம் ஏற்றினால் பெயர் அதேதான், நினைவக முகவரி வேறு. ஃபில்டரை (படத்தைப் பெரிதாக்கும்போதும் சிறிதாக்கும்போதும் நிறத்தைக் கணக்கிடும் முறையை) மாற்றினால், அந்த டெக்ஸ்சர் இருக்கும் அத்தனை யூனிட்டும் பாதிக்கும். எந்த யூனிட்டைப் படிப்பது என்று ஷேடருக்குச் சொல்லும் சாம்ப்ளர் யூனிஃபார்மை மாற்றினால் அது பார்க்கும் யூனிட்டே வேறாகிவிடும்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிட் ஏற்றப் போனால் ஓரிடம் விட்டுப்போகும். அதனால் டெக்ஸ்சர் மாறும்போதெல்லாம் அதற்குப் புது வரிசை எண் கொடுத்தேன். கடைசியாக அனுப்பிய எண்ணை யூனிட் நினைவில் வைத்திருக்கும். டிராவின்போது ஷேடர் பயன்படுத்தும் யூனிட்டுகளில் மட்டும் ஒப்பிட்டால் போதும். முகவரியை ஒப்பிடுவது நம்பத்தக்கதல்ல. ஒரு டெக்ஸ்சரை அழித்ததும் அதே முகவரியில் இன்னொன்று உருவாகலாம், டிரைவர் எதுவும் மாறவில்லை என்று நினைத்துவிடும். வரிசை எண்கள் ஒரே பொது எண்ணியிலிருந்து வந்தால் அந்தக் குழப்பம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் முழுமைச் சோதனை, அதாவது ஃபில்டருக்குத் தேவையான படங்கள் எல்லாம் டெக்ஸ்சரில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. படத்தைச் சிறிதாக்கும்போது பயன்படும் டெக்ஸ்சரின் இயல்பான ஃபில்டர் (min filter) மிப்மேப்பை, அதாவது அதே படத்தின் படிப்படியாகச் சிறுத்த அடுக்குகளை, எதிர்பார்க்கும். ஒரே ஒரு அடுக்கை மட்டும் ஏற்றினால், அளவு 1×1 ஆக இல்லாதவரை டெக்ஸ்சர் முழுமையற்றது. ஷேடருக்குக் கறுப்புதான் கிடைக்கும். ஆனால் 3.3-இல் வந்த சாம்ப்ளர் ஆப்ஜெக்ட் (யூனிட்டில் தனியாகப் பொருத்தும் ஃபில்டர் அமைப்பு), டெக்ஸ்சரின் சொந்த ஃபில்டரை மீறும். மிப்மேப் தேவைப்படாத லீனியர் ஃபில்டர் உள்ள சாம்ப்ளர் ஒரு யூனிட்டில் இருந்தால், அதே டெக்ஸ்சர் அங்கே முழுமையானது, பக்கத்து யூனிட்டில் இல்லை! ஆக, முழுமையை டெக்ஸ்சரில் சேமிக்க முடியாது, யூனிட்டுக்கு யூனிட் கணக்கிட வேண்டும். சாம்ப்ளருக்கும் வரிசை எண் கொடுத்தேன்.

அப்புறம், எல்லா யூனிட்டையும் எப்போதும் அனுப்பவைக்கும் என்விரான்மென்ட் வேரியபிள் (நிரலுக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பு) ஒன்றும் சேர்த்தேன். அதை இயக்கியதும் தவறான படம் சரியானால், முதலில் இந்தக் கண்காணிப்பு நிரலைத்தான் பார்ப்பேன்.