கடல் வாங்காத நாட்களில் கடலூர்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்தடுத்த நாட்களில், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்ட வெள்ளம் தென்பெண்ணை வழியே கடலூருக்கு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டு மூன்றாவது படியில் அன்று படிந்த சேற்றுக் கோடு, எத்தனை முறை தேய்த்துக் கழுவியும் இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

அன்று தெருவில் எல்லோர் வாயிலும் இருந்த சொல் "கடல் தண்ணிய வாங்கல" என்பதுதான். தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் சேரும் ஊர் இது. புயலால் கடல் உயர்ந்து நிற்கும்போது முகத்துவாரத்தில் ஆறு தேங்கிவிடுகிறது, அந்நேரத்தில் தெருவின் வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் தண்ணீர் போக இடமிருப்பதில்லை. காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதையும், கடல் மட்டம் உயர்ந்துவருவதையும் சேர்த்துப் பார்த்தால், மழைநீரை விரைவாகக் கடலுக்குத் தள்ளுவதை மட்டுமே நம்பியிருக்க முடியாது. அதை வழியிலேயே குளங்களிலும் மண்ணிலும் நிறுத்திவைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

2021-இல் மாநகராட்சியான கடலூரில் 45 வார்டுகள் உள்ளன. ஒவ்வொரு வார்டிலும் உள்ள குளம், குட்டை, வரத்து வாய்க்கால் ஆகியவற்றை வருவாய்த் துறையின் புல வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து, மக்கள் பார்க்கும்படி வைப்பதே முதல் வேலை. புதிய வடிகால் அமைக்கும்போது, கழிவுநீர் கலக்காமல் மழைநீர் மட்டும் முதலில் குளத்துக்குப் போய், நிரம்பிய பிறகே வெளியேறும்படி மட்டம் பார்த்துக் கட்ட வேண்டும். 2003 முதல் கட்டாயமாக இருக்கும் மழைநீர் சேகரிப்புத் தொட்டிகளில் மணல் அடைத்திருக்கிறதா என்பதையும் ஆண்டுதோறும் வீடு வீடாகப் பார்க்கலாம்.

தூர் வாரும் காலமும் முக்கியம். ஒருமுறை ஐப்பசி பிறந்த பின்பு நாங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வாய்க்காலை வாரி, வண்டலைக் கரையிலேயே குவித்துவிட்டோம். முதல் மழையிலேயே அத்தனையும் கரைந்து உள்ளே இறங்கியது. வாய்க்கால் காய்ந்து கிடக்கும் வைகாசி, ஆனியில் வாரி, அன்றே வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும்.

நிழலுக்காக நடும் மரங்களிலும் கவனம் தேவை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்த மாவட்டத்தின் முந்திரி, பலா மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்கள், கடலோரத் தெருக்களுக்குப் புன்னையையும் பூவரசையும் பனையையுமே கேட்பார்கள்.

நகர்ப்புறங்களில், கிராம சபை போல வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை நடத்துவதற்கான விதிகள் 2022-லேயே வந்துவிட்டன. எங்கள் பகுதி சபை அடுத்து கூடும்போது, தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் புல வரைபட நகலைக் கொண்டுபோய், அது எந்தக் குளத்துக்குப் போக வேண்டியது, இப்போது எங்கே நின்றுவிடுகிறது என்று கேட்கப்போகிறேன். எதிர்வீட்டு அக்காவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.