ஆர்டர் வேண்டாம் என்றவர்

திருப்பூரில் நான் முதலில் வேலை பார்த்தது ஒரு சின்ன பனியன் கம்பெனியில், கணக்கு எழுத. அந்த முதலாளி போன மாதம் காலமாகிவிட்டார்.

எண்பதுகளுக்குப் பிறகு ஊரே ஏற்றுமதிப் பக்கம் சாய்ந்தது. அவரோடு ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவர்கள் டீ-சர்ட் ஆர்டர் பிடித்துப் பெரிய ஆளானார்கள். இவர் கடைசிவரை வெள்ளை பனியன், ஜட்டி, உள்ளூர் காதர்பேட்டைக் கடைகள் என்றே இருந்தார். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகச் சரக்கு பிடிக்கும் ஒரு பையிங் ஏஜென்ட் தேடி வந்து ஆர்டர் தருவதாகச் சொன்னபோது, "அவங்க சொல்ற தேதிக்கு ராத்திரி பகல் ஓட்டோணும். எம்பட புள்ளைங்கள எப்பங்க பாக்கறது?" என்று கேட்டு, காபி கொடுத்து அனுப்பிவிட்டார். சரக்கு தாமதமானால் விமானத்தில் அனுப்பும் செலவு தலையில் விழும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் முதலில் வாயில் வந்தது வீடுதான்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. துணியை வெளுக்கக்கூட உள்ளூரில் வழியில்லை. வெளியூருக்கு அனுப்பினால் வண்டி வாடகை கட்டுபடியாகவில்லை. எங்கே போனாலும் தீர்ப்பைத் திட்டினார்கள். இவர் மட்டும் சக முதலாளிகள் நடுவில், "ஒரத்துப்பாளையம் டேமுத் தண்ணிய ஒருக்கா பாத்துட்டு வந்து பேசுங்க. மாடு குடிக்குமாங்க அத?" என்றார். பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் 1992-இல் கட்டிய அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போயிருந்தது. அவருடைய அம்மா பிறந்த தோட்டம் அணைக்குக் கீழே இருக்கிறது. கிணறு கெட்டதையும் தென்னை காய்ந்ததையும் கண்ணால் பார்த்தவர். அன்றைக்கு யாரும் அவரோடு சேர்ந்து பேசவில்லை. சிலர் பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டார்கள். நஷ்டத்தில் நிற்கும்போதே அப்படிச் சொன்னாரே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்த மாதங்களிலும் சனிக்கிழமைச் சம்பளம் நிற்கவில்லை. மகள் படிப்புக்குப் போட்டிருந்த சீட்டை எடுத்துத்தான் கொடுத்தார். அதையும் வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து, மகளையும் கேட்டு, சரி என்ற பிறகே எடுத்தாராம். பின்னாளில் அந்தப் பெண்ணே என்னிடம் சொன்னது இது.

அப்புறம் மகள் படித்து முடித்ததும், மருமகன் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். இவர் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் மகளைக் கம்பெனிக்குக் கூட்டி வந்தார். ஆபீசில் உட்காரவைக்கவில்லை, கட்டிங் டேபிளில் நிறுத்தினார். துணி எங்கே வீணாகிறது என்று தெரியாதவருக்கு லெட்ஜர் புரியாது என்பது அவர் கட்சி. நான் சேர்ந்த புதிதிலும் அப்படித்தான் நிற்கவைத்தார். இப்போது அந்த அம்மணிதான் கம்பெனியை நடத்துகிறார். கட்டிங் வேஸ்ட் எடை போடும்போது தராசுக்குப் பக்கத்தில் அவரே வந்து நிற்கிறார்.