அருவிக்கு எவ்வளவு பிட்ரேட்?

செங்கோட்டைப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் எல்லோரும் தண்ணீரோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும். ஜூன் பிறந்தால் சாரல். குற்றாலத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அருவி தெரிய நிறுத்தி நாலு ஷாட் எடுக்காவிட்டால் யாருக்கும் மனசு ஆறாது. மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூரிலிருந்தும் இதற்காகவே இறங்கி வருகிறார்கள். எடிட் செய்யும்போது கண்ணைப் பறிக்கிற அந்த அருவி, எக்ஸ்போர்ட் ஆகி (எடிட் முடித்ததைச் சுருக்கி ஒரே ஃபைலாக வெளியே எடுப்பது) வீட்டு டிவிக்குப் போனதும் கஞ்சியாகக் குழைந்துவிடுகிறது.

போன சீசனில் ஆரியங்காவுக்காரர் ஒருவர் வேறு இடத்தில் செய்து வாங்கிய வீடியோவோடு வந்தார். “முகூர்த்தமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு அண்ணாச்சி, அருவி மட்டும் ஏன் கலங்கலா இருக்கு?” நிறுத்திப் பார்த்தோம். மகள் முகம் தெளிவாக இருந்தது. பின்னால் இருந்த பாறை கட்டம் கட்டமாக உடைந்து, கூந்தலில் நின்ற துளிகள் காணாமலே போயிருந்தன. பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் தகவலின் அளவு, 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்). ஒளிப்பதிவில் குறையே இல்லை. கடைசிப் படியில் கெட்டிருக்கிறது.

வீடியோவைச் சுருக்க நாம் வழக்கமாகப் போடும் முறை எச்.264. அது ஒவ்வொரு ஃப்ரேமையும், அதாவது வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு தனிப் படத்தையும், முழுசாகச் சேமிப்பதில்லை. ஒன்றை முழுசாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வருவதில் மாறியது எதுவோ அதை மட்டும்தான் எழுதும். மண்டபத்தில் ஸ்டாண்டு போட்டு எடுத்த காட்சியில் தூணும் சுவரும் அசையாது. முந்தைய ஃப்ரேமிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அருவியில் அப்படி எடுக்க ஒன்றும் கிடைக்காது, ஒவ்வொரு ஃப்ரேமிலும் துளிகள் புதுசு. கொடுத்த பிட் போதாதபோது நுணுக்கத்தைத்தான் முதலில் கழிக்கும். சாரல், பாசி, இலை என்று நாம் ஆசையாகப் போய் எடுத்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது. அட்சதை தூவும்போதும், செண்டை மேளக் கூட்டத்துக்குள் கேமரா புகும்போதும் இதே கதை.

அதனால் புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பிகள் “எவ்வளவு போடணும்?” என்று கேட்டால், “படத்துல என்ன அசையுது?” என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். 1080பி (ஃபுல் எச்டி) வீடியோவை ஏற்ற யூடியூப் சொல்லும் அளவு, நொடிக்கு 25, 30 ஃப்ரேமுக்கு 8 எம்பிபிஎஸ், 50, 60 ஃப்ரேமுக்கு 12. மண்டபக் காட்சிக்கு 8 தாராளம். அருவிக்கு நான் விபிஆர் (காட்சிக்குத் தக்கபடி பிட்ரேட் ஏறி இறங்கும் முறை) இரண்டு பாஸில் சராசரி 16, உச்சம் 24 வைக்கிறேன். இரண்டு பாஸ் என்றால் முதல் தடவை முழுசாக அளந்துவிட்டு, அடுத்த தடவை பிட்டை வேண்டிய இடத்தில் கூட்டி வைக்கும். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

கணக்கு எளிது. எட்டு பிட் ஒரு பைட், அதனால் 8 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 1 எம்பி, மணிக்கு 3.6 ஜிபி. 16 என்றால் 7.2. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றலாம், ஆனால் பழைய டிவிகள் பல அதைப் படிக்காது. நான் மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு, அவுட்டோர் என்று தனித்தனி ஃபைலாகவே கொடுக்கிறேன். நீளமானதை மட்டும் இரண்டாக வெட்டுவேன். வேண்டியதை உடனே எடுத்துப் போட்டுப் பார்க்க வீட்டாருக்கும் அதுதான் வசதி.

எச்.264க்கு அடுத்து வந்த எச்.265 ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரம் தரும் என்பது உண்மை. 2013இல் வந்தது அது. ஆனால் பெரியவர்கள் வீட்டு டிவியில் ஓட வேண்டுமே! பென்டிரைவுக்கு இன்றைக்கும் எச்.264தான்.

ஃப்ரேம் ரேட்டில், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதில், கை வைக்கவே கூடாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டப டியூப்லைட் மினுக்காமல் இருக்கத்தான் 25 ஃப்ரேம், 1/50 நொடி ஷட்டரில் எடுக்கிறோம். எக்ஸ்போர்ட்டிலும் 25தான். ப்ரீசெட்டில் (மென்பொருளில் முன்கூட்டியே இருக்கும் அமைப்பில்) 30 இருக்கிறதே என்று விட்டால் சில ஃப்ரேம்கள் இரட்டித்து, பெண் நடந்து வரும் காட்சி திக்கித் திக்கி ஓடும். சொந்தக்காரர்கள் அனுப்பும் போன் கிளிப்புகளில் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது. முதலில் நிலையான 25க்கு மாற்றிவிட்டு டைம்லைனுக்குள் (எடிட்டிங்கில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) விடுங்கள். கெட்டிமேளத்தில் தவில்காரர் கை ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாகப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

பிட்ரேட்டால் தீராத விஷயம் ஒன்று உண்டு. எக்ஸ்போர்ட்டில் நாம் வழக்கமாகப் போடும் 4:2:0 என்ற நிறச் சேமிப்பு முறையில் நாலு பிக்ஸலுக்கு ஒரு நிறத் தகவல்தான் இருக்கும். அரக்குக் கூரைப்புடவை மேல் சிவப்பில் பெயர் போட்டால் எழுத்தின் ஓரம் கசியும். பெயரை வெள்ளையில், கறுப்பு ஓரம் கொடுத்துப் போடுங்கள்.

மாஸ்டர், அதாவது அதிகம் சுருக்காத மூலப் பிரதி, ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. 1080பி, 25 ஃப்ரேமில் புரோரெஸ் 422 (எடிட்டிங்குக்கான உயர்தர வடிவம்) என்றால் மணிக்கு ஏறக்குறைய 55 ஜிபி. முழுக் கல்யாணத்தையும் அப்படி வைக்க ஹார்டுடிஸ்க் தாங்காது. ஹைலைட்ஸை மட்டுமாவது வையுங்கள். பின்னால் யாராவது வேறு அளவில் கேட்டால் அதிலிருந்தே எடுக்கலாம்.

முழு வீடியோவையும் எக்ஸ்போர்ட் போடும் முன்னால் அருவியின் மிக மோசமான இருபது நொடியை மட்டும் எடுத்து, பென்டிரைவில் ஏற்றி, சாதாரண டிவியில் பாருங்கள். எடிட்டிங் மானிட்டரை நம்ப வேண்டாம். அந்த இருபது நொடியில் பாறை உடையவில்லை என்றால் மிச்சமெல்லாம் தானாகத் தேறிவிடும். அப்புறம், வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் டாக்குமெண்டாகவே அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும். பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய சாரல் அங்கேயே போய்விடும்.