பூதவாதிக்காக ஒரு வகுப்பு

மணிமேகலையின் 27ஆவது காதையை வகுப்பில் நடத்துவதென்றால் தமிழாசிரியர்கள் பலருக்கும் அலுப்பு. கதை நகரவே நகராது. வஞ்சி நகரத்துக்கு மாதவன், அதாவது ஆண் துறவி, வேடத்தில் வரும் மணிமேகலை, அளவைவாதியில் தொடங்கி ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும், அதாவது சமய அறிஞரிடமும், "உன் கொள்கை என்ன" என்று கேட்டுக்கொண்டே போவாள், அவர்களும் வரிசையாக அடுக்கிக்கொண்டே போவார்கள். பாடத்தை முடிக்கிற அவசரத்தில் கடைசியில் நிற்கும், தனி உயிரும் மறுமையும் இல்லை என்னும் பூதவாதிக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. நான் வேண்டுமென்றே அவனுக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குகிறேன். எங்கள் துறையில் ஒருவர், "எல்லா மதத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிற வகுப்பு மேடம், எதுக்கு வம்பு" என்று அக்கறையோடுதான் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. சைவவாதியையும் சமணனான நிகண்டவாதியையும் பொறுமையாக நடத்திவிட்டு இவனை மட்டும் தாண்டிப் போவது எந்த நியாயம்?

அவன் சொல்வது இதுதான். ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் சேர்த்து ஊறவைத்தால் கள்ளில் போதை பிறக்கிறதே, பூவிலும் போதை இல்லை, வெல்லத்திலும் இல்லை. அதுபோல நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது, அவை பிரிந்தால் பறையின் ஓசை அடங்குவதுபோல உணர்வும் போய்விடுகிறது. தனியாக ஓர் உயிர் எங்கிருந்தோ வருவதுமில்லை, எங்கேயும் போவதுமில்லை. "இம்மையும் இம்மைப் பயனும் இப்பிறப்பே, பொய்ம்மை மறுமை உண்டாய் வினை துய்த்தல்." கண்கூடாகப் பார்ப்பது மட்டுமே அறிவு, கருத்தளவு, அதாவது அனுமானம், செல்லாது. பௌத்தத்தை நிலைநாட்ட எழுதப்பட்ட காப்பியத்தில் எதிராளியின் கட்சியை இவ்வளவு தெளிவாகச் சொல்ல விட்டிருக்கிறாரே சாத்தனார், அதற்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அப்புறம் மணிமேகலை சிரிக்கிறாள். முற்பிறப்பை அறிந்தவர்கள் உண்டே என்கிறாள். அதெல்லாம் தெய்வ மயக்கம், கனவு மாதிரி என்று அவன் தள்ளிவிடுகிறான். உடனே அவள் கேட்கிறாள்: "உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?" அதோடு அவன் பேச்சு முடிந்துவிடும்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு, பூதவாதியின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்பேன். பின்வரிசைப் பையன் ஒருவன், "டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடும் மேடம்" என்றான். வகுப்பே கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் விடவில்லை: "டெஸ்ட் ரிப்போர்ட்ல ஒத்துப்போகுதுன்னுதான் இருக்கும், அதை வச்சு இவர்தான் அப்பான்னு நீ முடிவு பண்றே, அதுவும் அனுமானம்தானே?" பிரமாதமான பதில், பையனுக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. அவள் தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். எதிராளியின் வாதத்தில் எங்கே ஓட்டை என்று இவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறவளுக்கு அந்த வாதத்தையே கண்ணில் காட்டாமல் இருப்பதா?

ஆனால் பூதவாதிக்கு ஒரு பதில் இருந்திருக்கிறது. பூதவாதியைப் போலவே மறுமையை மறுத்த உலகாயதர்களில் (சார்வாகர்கள் என்பதும் இவர்களைத்தான்) புரந்தரர் என்று ஒருவர், உலக வழக்கில் சரிபார்க்கக்கூடிய அனுமானத்தை ஏற்பதில் எங்களுக்குத் தடையில்லை, உலக அனுபவத்தைத் தாண்டி மறுமைக்கும் சொர்க்கத்துக்கும் தாவும் அனுமானத்தைத்தான் மறுக்கிறோம் என்றிருக்கிறார். புகையைக் கண்டால் நெருப்பு என்று சொல்லலாம், போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மறுமையைப் போய்ப் பார்க்க வழியில்லை. பெற்றோர் கேள்விக்கு இது போதுமான பதில் என்றே நினைக்கிறேன். இந்தப் பதில் நமக்குக் கிடைத்ததே 8ஆம் நூற்றாண்டில் கமலசீலர் என்ற பௌத்தர் தம் உரையில் அதைக் குறித்து வைத்ததால்தான். புரந்தரரின் நூல் நம் கைக்கு வரவில்லை. சார்வாகர்களைப் பற்றி எல்லோரும் எடுத்துக்காட்டும் சர்வதரிசன சங்கிரகமும் 14ஆம் நூற்றாண்டில் வேதாந்தியான மாதவர் எழுதியது. சமணக் காப்பியமான நீலகேசியின் கடைசிச் சருக்கத்தில் பூதவாதியைத் தோற்கடிப்பது சமணம். ஆக, கடவுளையும் மறுமையையும் மறுத்தவர்களின் பேச்சை நாம் கேட்பது பெரும்பாலும் அவர்களை மறுத்தவர்களின் வாய்வழியாகத்தான். அதனால்தான் இந்தப் பகுதியை மெதுவாகப் படிக்கச் சொல்கிறேன், எங்கே எதிராளியின் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று கவனிக்கச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர், இந்த நாத்திகமெல்லாம் வெள்ளைக்காரன் வந்தபிறகு வந்தது என்பார். கொஞ்சம் உண்மை உண்டு. 1882 முதல் 1888 வரை சென்னையில் வெளிவந்த தத்துவ விவேசினி என்ற நாத்திக இதழை நடத்தியவர்களுக்கு இங்கிலாந்தின் சார்லஸ் பிராட்லாவின் நாத்திக இயக்கம் பெரிய ஊக்கம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரைப் பௌத்தமும் சமணமும் ஏற்கவில்லை. வேதத்தை உயிராக மதித்த மீமாம்சகர் குமாரிலரும் அப்படி ஒருவர் தேவையில்லை என்று வாதாடியவர். புறநானூறு 194இல் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாவுப் பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைக் கேட்டு, "படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்" என்கிறார். இதை நாத்திகம் என்று சொல்லிவிட முடியாது, படைத்தவன் உண்டு என்று வைத்துக்கொண்டுதான் திட்டுகிறார். ஆனாலும் அந்தக் கோபத்தைத் தொகுப்பில் சேர்த்துக் காத்திருக்கிறார்கள்.

"நீங்க சாமி கும்பிடுவீங்களா மேடம்" என்ற கேள்வியும் தவறாமல் வரும். தேர்வு முடிந்தபிறகு கேளுங்கள் என்பேன். என் பதில் தெரிந்தால் விடைத்தாளில் எனக்குப் பிடித்ததை எழுத ஆரம்பித்துவிடுவார்கள், பூதவாதி வகுப்பில் அது நடக்கக் கூடாது.

இப்போதெல்லாம் உள்மதிப்பீட்டுத் தேர்வில் "பூதவாதியின் கொள்கையை விளக்குக" என்று கேட்பதில்லை. மணிமேகலையின் கடைசிக் கேள்விக்குப் பூதவாதி சார்பில் ஒரு பக்கம் பதில் எழுதுங்கள் என்கிறேன். தீவிர பக்தரான பிள்ளைகள் சிலர் அதை மிக நன்றாக எழுதுகிறார்கள். நாத்திகக் குடும்பத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மணிமேகலையின் பக்கத்தைக் கொடுக்கிறேன், அவர்களுக்கு அது கஷ்டமாக இருக்கிறது.