கம்பி காட்டிய அளவும் இன்ஜினில் இருந்த எண்ணெயும்

நீண்ட வளைவில் திரும்பும்போது மட்டும் ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கு ஒரு நொடி மின்னி அணைந்தது. நேரான சாலையில் ஒன்றுமில்லை. அடுத்த வளைவில் மறுபடியும் அதே மினுக்கல். 1966 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1300 என் கைக்கு வந்து அது மூன்றாவது வாரம். அன்று காலையில்தான் ஆயில் லெவல் பார்த்திருந்தேன். அளவு பார்க்கும் கம்பியின் மேல்கோட்டை எண்ணெய் சரியாகத் தொட்டு நின்றது.

பார்த்த முறையிலும் தவறில்லை. வண்டி சமதளத்தில் நின்றது. இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டேன், மேலே ஏறிய எண்ணெய் அடியில் இறங்க வேண்டுமே. கம்பியை உருவி, நூல் விடாத துணியால் துடைத்து, கடைசிவரை அழுத்திச் செருகி, மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் முறை உருவும்போது தெரிவதை நம்பக் கூடாது. ஓட்டத்தில் தெறித்த எண்ணெய் கம்பி முழுக்க அப்பியிருக்கும். முகர்ந்தும் பார்த்தேன். பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் சவ்வு, அதாவது டயாஃப்ரம், கிழிந்தால் பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கி, எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியதுபோல் காட்டும். அந்த வாடை இல்லை.

இந்த வண்டியில் ஆயில் விஷயத்தை அப்படியே விட்டுவிட முடியாது. ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் கிடையாது. சூட்டை இறக்குவது காற்றும் எண்ணெயும்தான். மொத்த எண்ணெயே 2.5 லிட்டர். கம்பியில் இருக்கும் இரண்டு கோடுகளுக்கு இடையே சுமார் 1.25 லிட்டர், அதாவது கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டால் பாதிதான் மிச்சம். குறைந்த எண்ணெயே திரும்பத் திரும்பச் சுற்றினால் ஆற நேரமில்லாமல் சூடேறிக்கொண்டே போகும். ஆயில் கூலர் காற்றின் பாதையிலேயே நிற்பதால் அதன் பின்னால் இருக்கும் 3ஆம் சிலிண்டருக்கு மற்றவற்றைவிடக் குறைவான காற்றுதான் போகிறது. பழைய பீட்டில் இன்ஜின்களில் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் அதுதான்.

வளைவில் மட்டும் விளக்கு மின்னுவதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் எண்ணெய் குறைவு. எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்க, உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கிறது, அழுத்தம் விழுகிறது. ஆனால் கம்பியோ நிறைய இருக்கிறது என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. சரி, இறக்கி அளந்தே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இன்ஜின் இளஞ்சூடாக இருக்கும்போதே நடுவில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். பிறகு அடித்தட்டைப் பிடித்திருக்கும் ஆறு நட்டுகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு செம்பு வாஷர். தட்டை இறக்கியதும் எண்ணெயை வடிகட்டும் சல்லடை கையோடு வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலையின் மடிப்பில் கறுப்புக் களிம்பு, அதற்குள் கசிவை அடைக்க வைக்கும் பழைய கேஸ்கெட்டின் காகிதத் துணுக்குகள், யாரோ தாராளமாகப் பூசிய சீலன்ட்டின் ரப்பர் இழை ஒன்று. விரலால் தேய்த்துப் பார்த்தேன், உலோகத் துகள் ஒன்றுகூட மினுங்கவில்லை. அப்போதுதான் மூச்சு வந்தது.

கீழே வைத்திருந்த பாத்திரத்தில் விழுந்த எண்ணெயை அளவுக்குடுவையில் ஊற்றினேன். 1.65 லிட்டர். இன்னும் சொட்டிக்கொண்டிருந்ததால் இரவு முழுக்க அப்படியே விட்டேன்.

காத்திருந்த நேரத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு எது ஒரிஜினல், எது பிறகு வந்தது என்று பார்க்க ஆரம்பித்தேன். வண்டி வாங்கிய நாளிலிருந்தே செய்ய நினைத்த வேலை. பின்சீட்டைத் தூக்கினால் நடுத் தண்டின் மேல் சேசிஸ் நம்பர் குத்தியிருக்கிறது. 116 என்று தொடங்குகிறது. 11 என்பது பீட்டில் செடானைக் குறிக்கும், 6 என்பது 1966 மாடலை. இன்ஜின் நம்பர் டைனமோ நிற்கும் மேடைக்குக் கீழே, இன்ஜினின் வெளிக்கூடான கிராங்க் கேஸிலேயே இருக்கிறது. பல வருட அழுக்கை மண்ணெண்ணெய் நனைத்த பிரஷ்ஷால் துடைக்கத் துடைக்க எழுத்து மேலே வந்தது: எஃப். 1965 ஆகஸ்டில் அறிமுகமான 1285 சிசி, 40 குதிரைத்திறன் இன்ஜினுக்கு உரிய எழுத்து. டி என்றிருந்தால் 1200, எச் என்றிருந்தால் 1500. அந்த ஓர் எழுத்துக்காகக் குப்புறப் படுத்து அரை மணி நேரம் செலவழித்தேன், மனசு நிறைந்துவிட்டது. இதே வண்டியோடு பிறந்த இன்ஜின்தானா என்பதை எழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வகை பொருந்துகிறது, அவ்வளவுதான்.

கார்புரேட்டரின் உடலில் 30 பிக்ட்-1 என்று வார்த்திருக்கிறது, இந்த இன்ஜினுக்குப் பொருத்தமான சோலெக்ஸ் தயாரிப்பு. வீல்களில் காற்றுத் துளைகள், ஐந்து போல்ட், எல்லாம் அந்த வருடத்துக்கு உரியவை. மற்ற பாகங்களுக்குப் பார்ட் நம்பரைப் படிக்கத் தெரிந்தால் போதும். மூன்று மூன்றாக ஒன்பது இலக்கங்கள். முதல் மூன்று எந்த வண்டிக்காக வடிவமைத்தது என்று சொல்லும். நடுவில் இருக்கும் மூன்றில் முதல் இலக்கம்தான் பிரிவு: 1 இன்ஜின், 3 கியர்பாக்ஸ், 6 வீலும் பிரேக்கும், 8 பாடி, 9 மின்சாரம். நடுவில் 115 என்று பார்த்தால் அது ஆயில் சம்பந்தப்பட்ட பாகம். இதைக் கற்றுக்கொண்ட பிறகு துருப்பிடித்த பழைய துண்டுகூட என்னோடு பேச ஆரம்பித்துவிட்டது.

காலையில் கூடுதலாகச் சொட்டியிருந்தது ஒரு தேக்கரண்டி அளவுதான். ஆக இன்ஜினில் இருந்தது ஏறக்குறைய 1.7 லிட்டர். 2.5 இருக்க வேண்டிய இடத்தில்.

அதே இன்ஜின் வைத்திருக்கும் நண்பருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கம்பி இந்த இன்ஜினோடதுதானா, பார்த்தீங்களா?" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. முந்தைய நாள் முழுக்க ஒவ்வொரு பாகமாகத் துருவியவன், தினமும் கையில் எடுக்கும் கம்பியைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அவர் தன்னுடையதை எடுத்துக்கொண்டு மாலையில் வந்தார். இரண்டையும் வெள்ளைத் துணிமேல் வைத்து, குழாய்வாயில் போய் உட்காரும் இடத்தை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தோம். என் கம்பியின் மேல்கோடு கீழே தள்ளி நின்றது. இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் பாதிக்கும் மேல்! அவ்வளவு ஆழத்தில் கோடு இருந்தால் எண்ணெய் குறைவாக இருக்கும்போதே "நிறைந்தது" என்றுதான் காட்டும். எந்த இன்ஜினுடைய கம்பியோ, எப்போது மாறியதோ தெரியவில்லை.

சல்லடையைக் கழுவி, இரண்டு பக்கமும் புதுக் காகித கேஸ்கெட் வைத்து, ஆறு புது செம்பு வாஷர்களோடு தட்டை ஏற்றினேன். சீலன்ட் எதுவும் பூசவில்லை. அந்த நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். கிராங்க் கேஸ் மெக்னீசியம் கலவை, சொட்டுகிறதே என்று பலம் போட்டு இறுக்கினால் நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கையில் இருந்தும் சுண்டுவிரல் அளவு பலத்தில்தான் ஆரம்பித்தேன்.

எஸ்ஏஇ 30 எண்ணெயை அரை லிட்டர் அரை லிட்டராக ஐந்து முறை ஊற்றினேன். இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் காத்திருந்தேன். நண்பரின் கம்பியில் எண்ணெய் மேல்கோட்டில் நின்றது. என்னுடையதில் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது. பழைய கம்பியை நம்பியிருந்தால் அதிகமாகிவிட்டது என்று நானே கொஞ்சம் இறக்கியிருப்பேன். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

சரியான ஒரிஜினல் கம்பி பழைய உதிரிபாகங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து பத்து நாளில் கிடைத்தது. லேசாக வளைந்திருந்தது, ஆனால் கோடுகள் கூர்மையாக இருந்தன. நிமிர்த்தி, நண்பருடையதோடு ஒப்பிட்டு உறுதி செய்த பிறகுதான் செருகினேன். பழையதில் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனியே வைத்துவிட்டேன், யார் கையிலும் தவறிப் போய்விடக் கூடாது என்று.

அதன் பிறகு அதே வளைவில் அதே வேகத்தில் மூன்று முறை போய் வந்தேன். விளக்கு மின்னவில்லை. அடுத்து வால்வ் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது 0.15 மி.மீ. வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, சாவியைத் தொடுவதற்கு முன்பே 3ஆம் சிலிண்டரைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன்.