யாருக்கும் சொந்தமில்லாத பந்து

வடசென்னையில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். துள்ளிக்கொண்டிருக்கும் லூஸ் பாலை, அதாவது யார் காலிலும் இல்லாத பந்தை, எதிராளி தட்டிக்கொண்டு போனால், ஓரத்தில் நிற்கும் அப்பாக்கள் "பயப்படாம போய் எடுடா!" என்று கத்துவார்கள். பையனுக்குத் தைரியம் போதவில்லை என்பது அவர்கள் முடிவு.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலும் அவன் கிளம்பியதே தாமதம். கோல் பக்கத்திலிருந்து ஓங்கி உதைத்த கோல்கிக் பந்து மேலே இருக்கும்போது எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதைத் தலையால் முட்டப் போவது இரண்டு பேர்தான். மற்றவர்கள் அந்த இருவரின் உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தால், பந்து எங்கே தெறிக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். இரண்டு எட்டு முந்திக்கொண்டால் பல நேரம் மோதவே வேண்டாம்.

அதனால் இருவரைக் குப்புறப் படுக்கவைத்து, பின்னாலிருந்து பந்தை உருட்டிவிடுவேன். கண்ணில் பட்டதும் எழுந்து ஓடணும். எடுத்தவன் சின்ன கோலில் அடிக்கணும், விட்டவன் தடுக்கணும். விசில் கிடையாது; ஆட்டத்தில் லூஸ் பாலுக்கு யார் விசில் ஊதுகிறார்கள்? ஜோடி சேர்ப்பதில் கவனம் வேண்டும். ஒல்லிப் பையனைத் தினமும் தடியனோடு விட்டால் ஒதுங்கத்தான் கற்றுக்கொள்வான்.

மோதித்தான் ஆகணும் என்றால், ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், முட்டி மடங்கி, கணுக்கால் இறுகி, உள்பாதம் பந்தின் நடுவில். அரைமனதாகக் காலை நீட்டுகிறவனுக்குத்தான் அடி அதிகம் படும். பந்து எட்டும் தூரத்தில் இருந்தால், முரட்டுத்தனமில்லாமல் தோளோடு தோள் இடிக்க விதியில் இடமுண்டு. இடித்தாலே ஃபவுல் என்று நினைத்திருந்த பையன்கள், இது தெரிந்த பிறகுதான் துணிந்து நுழைந்தார்கள். தரையில் சறுக்கிப் பந்தைப் பறிக்கும் டேக்கிள் மட்டும் செய்ய விடமாட்டேன். எங்கள் கட்டாந்தரையில் முட்டித் தோல் மிஞ்சாது.

குள்ளமான பையன்களுக்கு நடுக்கள ஆட்டக்காரர் காண்டே கதை சொல்வேன். 168 செ.மீ. உயரம், 2016இல் லெஸ்டர் அணியோடும் 2017இல் செல்சி அணியோடும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வென்றவர். "அவரு ஃபிரான்ஸ்ண்ணா" என்பார்கள். வடசென்னை வியாசர்பாடி தனபால் கணேஷ் பெயரை எடுத்தால் பேச்சு அடங்கும். நடுக்களத்தில் மல்லுக்கட்டும் ஆட்டக்காரர். 2018 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகச் சென்னையின் எஃப்சி அணிக்காக கோலும் போட்டார்.

பயிற்சி ஆட்டத்தில் கோலுக்கு ஒரு பாயிண்ட், தெறித்த பந்தை முதலில் தொட்டாலும் ஒரு பாயிண்ட். கணக்கு வைக்கும் பையனோடு தினமும் தகராறு: "அண்ணா, நான்தான் ஃபர்ஸ்ட் தொட்டேன்!" அந்தப் பஞ்சாயத்துக்கு மட்டும் நான் போவதில்லை.