தள்ளிப்போடக்கூடிய மின் நிலையம்

கோலாலம்பூரில் மின் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, தீபகற்ப மலேசியாவின் மின்தேவை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு வளர்ந்துகொண்டிருந்தது. அந்த வேகம் நீடித்தால் ஏழு ஆண்டுகளில் தேவை இரட்டிப்பாகும். ஒரு நிலக்கரி மின் நிலையத்துக்கு இடம் தேடி, ஒப்பந்தம் எழுதி, கட்டி முடிக்க ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், எந்தத் தொழிற்பேட்டை எங்கே வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாத நிலையிலேயே அதற்கான நிலையத்தை முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

எந்த நிலையத்தை எப்போது கட்டினால் மொத்தச் செலவு குறையும் என்று கணக்கிட, பன்னாட்டு அணுசக்தி முகமை வளரும் நாடுகளுக்கு வழங்கிவந்த ‘வாஸ்ப்’ என்ற மென்பொருளைத்தான் நாங்கள் பயன்படுத்தினோம். மாலையில் கணக்கை ஓடவிட்டுப் போனால், காலையில் துளையிட்ட விளிம்புகளோடு மடிப்பு மடிப்பாகக் காகிதம் தரையில் குவிந்திருக்கும். ஆனால் தொழிலை நான் கற்றது அந்தக் காகிதத்திலிருந்து அன்று. ஓராண்டின் 8,760 மணி நேரத் தேவையையும் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்தி வரைந்த வளைகோட்டை என் மேசையில் விரித்துவைத்து, மூத்த பொறியாளர் ஒருவர் அதன் இடப்பக்க முனையைப் பென்சிலால் தட்டினார். “தம்பி, இந்த உச்சி ஆண்டுக்குச் சில மணி நேரம்தான் வரும். அதுக்குப் போய் யாராவது நிலக்கரி நிலையம் கட்டுவாங்களா?” என்றார். கட்டுவதற்கு மலிவாகவும் ஓட்டுவதற்குச் செலவு மிக்கதாகவும் உள்ள எரிவாயுச் சுழலி அந்த உச்சிக்கு உரியது. கட்டுவதற்கு விலை கூடியதாயினும் இரவு பகலாக மலிவாக ஓடும் நிலக்கரி நிலையம், எந்நேரமும் இருக்கும் அடித்தளத் தேவைக்கு உரியது. நோன்புப் பெருநாளன்று தேவை தரைதட்டும் என்பதையும், அந்நாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்வதால் ஒரு மாதத்தை முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடக்கூடாது என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

எங்கள் துறையின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்க்கும்போது, பெரிய முடிவுகள் பெரும்பாலும் அடுத்த பத்தாண்டைப் பார்த்து எடுக்கப்படவில்லை. கடந்த முறை பட்ட அடியைப் பார்த்தே எடுக்கப்பட்டன என்று எனக்குத் தோன்றுகிறது. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியில் பட்ட அடிக்கு விடையாக, எண்ணெய், எரிவாயு, நீர், நிலக்கரி என நான்கையும் நம்பும் எரிபொருள் கொள்கை 1981-இல் வந்தது. 1992 செப்டம்பர் 29 அன்று தீபகற்பம் முழுவதும் இருளில் மூழ்கியது. அடுத்த ஆண்டே தனியார் மின் உற்பத்தியாளர்களுக்கு உரிமம் கிடைத்தது. 21 ஆண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. புதிய நிலையங்கள் ஓடத் தொடங்கிய பிறகு, 1996 ஆகஸ்ட் 3 அன்று திரெங்கானு மாநிலத்தின் பாக்கா மின் நிலையத்தில் தொடங்கிய கோளாறு மறுபடியும் தீபகற்பத்தை இருளாக்கியது. உற்பத்தித் திறனைக் கூட்டுவதால் மட்டும் மின்தொகுப்பு உறுதிப்பட்டுவிடாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் நிலையத்துக்குத் திறப்பு விழா உண்டு. கோளாறு பரவாமல் பழுதான பகுதியைத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலேக்கு யார் விழா எடுப்பார்கள்?

பிறகு 1997-இன் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. மறு ஆண்டு நாட்டின் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. தேவையின் வளர்ச்சி தளர்ந்தது. கையெழுத்தான ஒப்பந்தங்களோ தளரவில்லை. நிலையம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதன் திறனுக்கு உரிய கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும் என்பது அவற்றின் நிபந்தனை. பின்வந்த ஆண்டுகளில் கையிருப்புத் திறன் உச்சத் தேவைக்கு மேல் 40 விழுக்காட்டை ஒட்டி நின்ற காலமும் இருந்தது. பற்றாக்குறை வந்தால் மறுநாள் நாளேட்டின் முதல் பக்கத்தில் வரும். மிகை உற்பத்தித் திறனோ கட்டணச் சீட்டில் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் பொதுமக்களின் பணம்தான் என்றாலும், ஒன்றுக்கு மட்டுமே அமைச்சர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் திட்டமிடுவோரின் கை இயல்பாகவே மிகையின் பக்கம் சாயும்.

எரிபொருள் விலையும் கணக்கை இழுத்தது. மின் உற்பத்திக்கான எரிவாயுவின் விலை 1997 முதல் 2008 வரை பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 6.40 ரிங்கிட் என்று நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அந்த எண்ணைக் கொடுத்தால் எந்த மென்பொருளும் எரிவாயுவையே தேர்ந்தெடுக்கும். 2011-இல் எரிவாயு போதாமல் விலை கூடிய எண்ணெயை எரிக்க நேர்ந்தபோதுதான், மலிவாகத் தெரிந்தது வெறும் நிர்ணய விலையே என்பது பலருக்கும் உறைத்தது. அதற்குள் நிலக்கரி பெருகியிருந்தது. அதுவோ கப்பலில் வருவது. 2022 ஜனவரியில் இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதியை நிறுத்திவைத்தபோது அந்தச் சார்பும் வெளிப்பட்டது.

வாஸ்ப் ஒரு சிறந்த திட்டத்தைத் தேர்ந்து தரும். ஆனால் அதன் அடுத்தடுத்த திட்டங்களையும் வாசித்துப் பார்த்தால், பல வேளைகளில் மொத்தச் செலவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடே தென்படும். எரிபொருள் விலையை அதைவிடப் பல மடங்கு தவறாக ஊகிக்கக்கூடிய தொழிலில் அந்த வேறுபாட்டுக்கு மதிப்பே கிடையாது. ஆகவே முதலிடத்தில் உள்ளதை விட்டுவிட்டு, எந்தத் திட்டத்தை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட முடியும், எதைத் துண்டுதுண்டாகக் கட்ட முடியும் என்று பார்ப்பதே சரி என்று கூட்டங்களில் வாதாடி வந்தேன். 1,000 மெகாவாட் இயந்திரம் ஒன்று, மெகாவாட் கணக்கில், பல சிறிய இயந்திரங்களைவிட மலிவாக வரும் என்பது உண்மையே. ஆனால் அது திடீரென நின்றால் ஈடுகட்ட அதே அளவு திறன் வேறெங்கோ ஆயத்தமாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் செலவு நிலையத்தின் விலைப்பட்டியலில் இடம்பெறாது.

இன்று புதிய நிலக்கரி நிலையங்கள் கிடையாது என்று அரசு அறிவித்துவிட்டது. ஜோகூரில் தரவு மையங்கள் கேட்கும் மின்சாரத்தின் அளவு திட்டமிடுவோரைத் திணறடிக்கிறது. விண்ணப்பத்தில் கேட்கும் மெகாவாட் முழுவதையும் பெரும்பாலான மையங்கள் முதல் ஆண்டிலேயே பயன்படுத்துவதில்லை என்பதால், தொண்ணூறுகளைப் போல எல்லாவற்றையும் கூட்டி 21 ஆண்டுகளுக்குக் கையெழுத்திடும் அவசரம் வேண்டாம் என்பேன். சூரிய ஆற்றலையும் மின்கலத் தொகுப்பையும் ஓரிரு ஆண்டுகளில் நிறுவலாம். தேவை வராவிட்டால் அடுத்த தொகுதியை நிறுத்திவைக்கலாம். இரவு முழுவதும் குறையாமல் ஓடும் சுமைக்கு அவை மட்டும் போதாது என்பதால் எரிவாயு நிலையங்களும் வேண்டியிருக்கும். அவற்றின் ஒப்பந்தத்தில் திறன் கட்டணத்தின் ஒரு பகுதியை, மின்சாரம் கேட்டு வந்த தரவு மையங்களே ஏற்கட்டும்.